தீக்குச்சியும் மெழுகுவர்த்தியும்: பொருள்வழி அறிவியல் கற்பித்தல்

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சற்று நேரத்தில் சுடர் அணைகிறது. தட்டிலிருந்த தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. பள்ளிக்கூடம் போன பெரும்பாலோருக்கு இந்தச் சோதனை தெரியும். அதற்குச் சொல்லப்படும் விளக்கமும் தெரியும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதை மெழுகுவர்த்தி எரித்துத் தீர்த்துவிட்டது, காலியான இடத்தைத் தண்ணீர் நிரப்பியது என்பார்கள்.

இந்த விளக்கம் தவறு. மெழுகு எரியும்போது ஆக்சிஜன் மறைந்துபோவதில்லை. கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. நீராவி குளிர்ந்து நீராகிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், செலவாகும் மூன்று பங்கு ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்து சேர்கிறது. ஆக்சிஜன் முழுவதும் தீரும்வரை சுடரும் எரிவதில்லை. 21 விழுக்காடாக இருந்தது 16 விழுக்காட்டு அளவுக்கு இறங்கியதுமே அணைந்துவிடுகிறது.

தண்ணீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம் வெப்பம். டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்திருக்கிறது. அதனால் உள்ளே அடைபடும் காற்று குறைவு. சுடர் அணைந்ததும் அந்தக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளியே உள்ள காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. உற்றுப் பார்த்தால் சாட்சி கண்ணெதிரே இருக்கிறது. சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் அதிகம் ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் விரைந்து ஏறுகிறது. தொடக்கத்தில் டம்ளரின் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியேறுவதையும் சில சமயம் காணலாம். எல்லாவற்றிலும் வலுவான சாட்சி, ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை வைத்துச் செய்து பார்ப்பது. தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறவில்லையே, பிறகு எப்படி இது?

பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் அறிவியல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் கல்விப் பேச்சில் வேரூன்றியிருக்கிறது. இங்கே பொருள் இருந்தது, கண்ணால் கண்ட நிகழ்வு இருந்தது. அப்படியும் ஒரு தவறான முடிவு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. சோதனையை ஒரே விதமாகச் செய்துகாட்டி அதோடு நிறுத்திக்கொண்டதுதான் காரணம். இயற்கையிலிருந்தும் அன்றாட வாழ்விலிருந்தும் எடுத்துச் சொல்லும் ஒப்புமைகளுக்கும் இதே நிலைதான். இதயம் ஒரு பம்பு, அணு ஒரு சூரியக் குடும்பம், மின்சாரம் குழாயில் ஓடும் தண்ணீர் என்கிறோம். மாணவர் தலையாட்டுகிறார். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்ற பேச்சே எழுவதில்லை. பொருளானாலும் ஒப்புமையானாலும், அதை மாற்றிப் பார்க்கவும், அது பொருந்தாத இடத்தைக் கண்டுபிடிக்கவும் மாணவருக்கு வாய்ப்பிருந்தால்தான் அது அறிவியல் கற்பித்தல் ஆகும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

ஃபாரடேயின் மெழுகுவர்த்தி

ஒரே ஒரு பொருளை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மைக்கேல் ஃபாரடேயைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, பிறகு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் தலைசிறந்த விஞ்ஞானியானவர் அவர். 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்காக மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். வில்லியம் குரூக்ஸ் அவற்றைப் பதிப்பித்து 1861இல் நூலாக்கினார்.

அந்தச் சொற்பொழிவுகளில் ஒவ்வொரு கேள்வியும் முந்தைய சோதனையிலிருந்து பிறக்கிறது. உருகிய மெழுகு திரியில் எப்படி மேலே ஏறுகிறது? ஒரு தட்டில் உப்பால் ஆன தூண் ஒன்றை நிறுத்தி, நிறமேற்றிய செறிந்த உப்புநீரை ஊற்றுகிறார். உப்புநீர் தூணின் நுண்ணிய இடைவெளிகள் வழியே மேலேறுவதைக் குழந்தைகள் பார்க்கிறார்கள். எரிவது திரியா, மெழுகா? மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிறார். திரியிலிருந்து வெண்புகை எழுகிறது. எரியும் குச்சியை அந்தப் புகையில், திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே பிடிக்கிறார். தீ புகை வழியே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்கிறது. எரிவது மெழுகின் ஆவி என்பது அந்த ஒரு நொடியில் தெளிவாகிறது. அதோடு விடவில்லை. சுடரின் நடுவே உள்ள இருண்ட பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, அந்த ஆவியை வேறிடத்துக்குக் கொண்டுபோய் மறுமுனையில் பற்றவைத்தும் காட்டுகிறார்.

சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் அடியில் நீர் துளிர்க்கிறது. எரிந்து வரும் வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தினால் நீர் பால்போல் வெளுக்கிறது. கடைசிச் சொற்பொழிவில் தம் மூச்சுக்காற்றையே சுண்ணாம்பு நீரில் செலுத்துகிறார். அதுவும் வெளுக்கிறது. மெழுகுவர்த்தி எரிவதும் மனிதர் மூச்சுவிடுவதும் ஒரே வகை நிகழ்வு என்ற ஒப்புமை இங்கேதான் வருகிறது. ஒரு மனிதர் ஒரு நாளில் ஏழு அவுன்ஸ், அதாவது சுமார் 200 கிராம் கார்பனை மூச்சுவழியே மாற்றுகிறார் என்று கணக்கும் சொல்கிறார். அந்தக் கார்பன் டை ஆக்சைடைச் செடிகொடிகள் எடுத்துக்கொள்கின்றன என்பதோடு வட்டம் முழுமையாகிறது.

ஒப்புமையை அவர் முதல் நாளே சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீர் உண்டாவதையும் சுண்ணாம்பு நீர் வெளுப்பதையும் பார்த்த பிறகே சொல்கிறார். கேட்பவர்கள் அதைச் சரிபார்க்கத் தேவையான சாட்சிகள் எல்லாம் அதற்குள் அவர்கள் கண்முன் வந்துவிட்டன.

இந்த ஒப்புமைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறும் உண்டு. 1782-83 குளிர்காலத்தில் பிரெஞ்சு விஞ்ஞானிகளான லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். கரி எரியும்போது வெளிவரும் வெப்பத்தோடும் வாயுவோடும் அதை ஒப்பிட்டார்கள். மூச்சுவிடுதல் மெதுவாக நிகழும் எரிதல் என்ற முடிவு அந்த அளவீட்டிலிருந்து வந்தது. ஆனால் அந்த எரிதல் நுரையீரலில் நடப்பதாக லவாய்சியர் கருதினார். அது உடலின் திசுக்களில், செல்களுக்குள் நடக்கிறது என்பதை நிலைநாட்ட 19ஆம் நூற்றாண்டில் நீண்டகால ஆராய்ச்சி தேவைப்பட்டது.

மெழுகுவர்த்தியும் மனித உடலும் எங்கே பிரிகின்றன? சுடரின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உடல் 37 டிகிரியில் இருக்கிறது. மெழுகின் ஆற்றல் ஒரே வீச்சில் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்பட்டுவிடுகிறது. உணவின் ஆற்றலை உடல் நொதிகளின் துணையோடு பல படிகளில், சிறிது சிறிதாக விடுவித்துச் சேமித்துக்கொள்கிறது. மெழுகுவர்த்தி தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்வதில்லை. உடல் அதே உணவைக்கொண்டு தன்னையே கட்டியெழுப்பவும் செய்கிறது. இந்த வேறுபாடுகளைப் பட்டியலிடும் மாணவர், ஒப்புமையை மட்டும் மனப்பாடம் செய்தவரைவிட உயிரியலுக்குள் ஆழமாகப் போயிருக்கிறார்.

தண்ணீரும் கூட்டமும்

எந்த ஒப்புமையை எடுக்கிறோம் என்பது மாணவர் எதைச் சரியாகப் புரிந்துகொள்வார், எங்கே தடுமாறுவார் என்பதையே தீர்மானிக்கக்கூடும். உளவியலாளர்கள் டெட்ரே கென்ட்னர், டொனால்ட் கென்ட்னர் இருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. மின்சாரத்தைத் தண்ணீர் ஓட்டமாக நினைத்துக்கொள்பவர்களையும், ஒரு பாதையில் நெருக்கியடித்து ஓடும் கூட்டமாக நினைத்துக்கொள்பவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டு மின்கலங்களைத் தொடராகவும் பக்கவாட்டிலும் இணைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளில் தண்ணீர் ஒப்புமைக்காரர்கள் சிறப்பாகச் செய்தார்கள். மின்தடைகளைப் பற்றிய கேள்விகளில் கூட்ட ஒப்புமைக்காரர்கள் சிறப்பாகச் செய்தார்கள்.

காரணத்தை யோசித்தால் எளிதில் விளங்கும். மின்கலத்தை மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தொட்டியின் மேல் இன்னொன்றை வைத்தால் உயரம் கூடுகிறது, குழாயில் தண்ணீர் பீய்ச்சும் வேகம் கூடுகிறது. இரண்டையும் ஒரே மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் நெடுநேரம் வரும், வேகம் மாறாது. மின்கலங்களின் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் இப்படியே நடந்துகொள்கின்றன. மின்தடை என்று வரும்போது தண்ணீர் ஒப்புமை தடுமாறுகிறது. தடை என்றாலே ஓட்டத்தைக் குறைப்பது, இரண்டு தடைகள் இன்னும் குறைக்கும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. கூட்டத்தை நினைத்தால் இந்தக் குழப்பம் வருவதில்லை. திருவிழாக் கூட்டத்துக்கு ஒரு வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசலையும் திறந்துவிட்டால் அதிகம் பேர் வெளியேறுவார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததே. பக்க இணைப்பில் இரண்டு மின்தடைகள் இருந்தால் மொத்த மின்னோட்டம் கூடுவது அதனால்தான்.

கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டால் மின்கலம் விளங்காது. இரண்டுமே தோற்கும் இடமும் உண்டு. உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகும். அறுந்த கம்பியிலிருந்து மின்சாரம் தரையில் ஒழுகுவதில்லை, ஓட்டமே நின்றுவிடுகிறது. ஆகவே நல்ல ஆசிரியர் இரண்டு ஒப்புமைகளையும் வகுப்பில் எதிரெதிரே நிறுத்தி, இரண்டு மின்கலமும் இரண்டு பல்பும் கொஞ்சம் கம்பியும் கொடுத்து, எந்த ஒப்புமை எந்த இணைப்பைச் சரியாக முன்கூட்டிச் சொல்கிறது என்று சோதிக்கவிடுவார். இங்கே ஒப்புமையைத் தராசில் நிறுப்பது பொருள்தான்.

ஒப்புமையை மாணவர் ஏற்கவில்லை என்றால் என்ன செய்வது? மேசைமேல் இருக்கும் புத்தகத்தை மேசை மேல்நோக்கித் தள்ளுகிறது என்றால் பல மாணவர்கள் நம்புவதில்லை. மேசை சும்மா கிடக்கிறது, குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். சுருள்வில்லைக் கையால் அமுக்கினால் அது திருப்பித் தள்ளுவதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜான் கிளமென்ட் இந்த இரண்டுக்கும் நடுவே படிகள் அமைத்தார். முதலில் சுருள்வில்லின் மேல் புத்தகம், அடுத்து பஞ்சு மெத்தையின் மேல், அதற்கடுத்து இரு முனைகளிலும் தாங்கப்பட்ட மெல்லிய பலகையின் மேல், கடைசியில் மேசையின் மேல். பலகை வளைவதைப் பார்த்தவருக்கு, மேசையும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து திருப்பித் தள்ளுகிறது என்ற எண்ணம் அந்நியமாகத் தோன்றாது. ஒரு ஒப்புமையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அது உண்மையிலேயே பொருந்துகிறதா என்று வகுப்பு வாதிடுவதுதான் இந்த முறையின் உயிர்.

இயற்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தல்

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நமக்குப் பழகிய செய்தி. ஏன் ஒட்டாது என்று கேட்டால், இலை வழுவழுப்பாக இருப்பதால் என்ற பதில்தான் முதலில் வரும். 1997இல் ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் பார்த்லாட், நைன்ஹூஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. மின்னணு நுண்ணோக்கியில் தாமரை இலை சொரசொரப்பானது. நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகுப் படிகங்களும் இருப்பதால் நீர்த்துளி மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டு, அடியில் காற்றை வைத்துக்கொண்டு உருள்கிறது. உருளும்போது தூசியையும் அள்ளிச் செல்கிறது.

இதை வகுப்பில் சோதிக்க நுண்ணோக்கி வேண்டியதில்லை. சேப்பங்கிழங்கு இலைக்கும் இதே குணம் உண்டு. ஒரு சேப்ப இலை, எண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டு, சுத்தமான கண்ணாடித் துண்டு மூன்றின்மேலும் ஒவ்வொரு சொட்டு நீர் விட்டுச் சாய்த்துப் பார்க்கலாம். எண்ணெய்க் கண்ணாடியும் நீரை ஒதுக்கும், ஆனாலும் துளி இலையில் உருள்வதுபோல் அங்கே முத்தாக உருளாது. அடுத்து இலையின் ஒரு பகுதியை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு அங்கே நீர் விட்டால் துளி படிந்துவிடும். மெழுகும் மேடும் சிதைந்த இடத்தில் இலையின் திறமை போய்விட்டது. இயற்கையோடு ஒப்பிடுவது வியப்போடு நின்றுவிடாமல் விசாரணையாக மாறும் இடம் இது.

ஹோஷங்காபாத் சொன்ன பாடம்

இதெல்லாம் வசதியுள்ள பள்ளிகளுக்கும் திறமையான தனி ஆசிரியர்களுக்கும் மட்டுமே கைகூடும் என்ற எண்ணத்துக்கு இந்தியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இன்றைய நர்மதாபுரத்தில், 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் மாநில அரசின் இசைவோடு அதைத் தொடங்கின. கிஷோர் பாரதியை நிறுவியவர் மூலக்கூறு உயிரியலாளரான அனில் சத்கோபால். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் வந்து பாடங்களை உருவாக்க உதவினார்கள். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா அமைப்பு பொறுப்பை ஏற்று நடத்தியது. காலப்போக்கில் சுமார் 15 மாவட்டங்களில், ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளில், ஒரு லட்சம் மாணவர்கள் இந்த முறையில் படித்தார்கள்.

'பால் வைஞானிக்' என்ற அவர்களுடைய புத்தகத்தில் விடைகள் அச்சிடப்படவில்லை. செய்ய வேண்டியதும் கேட்க வேண்டியதும் மட்டும் இருந்தன. நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிள்ளைகள் சோதனை செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் விவாதித்து முடிவுக்கு வந்தார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க ஆய்வக ஊசி தேவை என்றபோது கருவேல முள் அந்த வேலையைச் செய்தது. எல்லா ஊரிலும் கிடைக்கும், உடைந்தால் இன்னொன்றை ஒடித்துக்கொள்ளலாம். 'சவாலிராம்' என்ற கற்பனைப் பெயருக்குப் பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதினார்கள், பதிலும் வந்தது.

1978இல் இந்தத் திட்டத்தில் வேலை செய்ய டெல்கோ நிறுவனத்தில் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர், கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அவர் உருவாக்கிய கட்டுமானங்கள் இந்தியா முழுவதும் பரவின. வால்வு டியூபைச் சின்னத் துண்டாக வெட்டி, இரு பக்கமும் ஒவ்வொரு தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. அந்த மூட்டின் நடுவே முள்ளால் துளையிட்டு மூன்றாவது குச்சியையும் செருகலாம். மூன்று குச்சிகளில் முக்கோணம் செய்து அழுத்தினால் வடிவம் மாறாது. நான்கு குச்சிகளில் சதுரம் செய்து ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். குறுக்கே ஒரு குச்சியைச் சேர்த்தால் சதுரம் இரண்டு முக்கோணங்களாகி உறுதிப்படும். கனசதுரம் தள்ளாடும், நான்கு முக்கோணங்களால் ஆன நான்முகி அசையாது. இதைச் செய்த பிள்ளை உயரழுத்த மின்கோபுரத்தையும் ரயில் பாலத்தையும் சைக்கிளின் சட்டத்தையும் பார்க்கும்போது முக்கோணங்களை எண்ணத் தொடங்கிவிடும். மூன்று பக்கங்களின் நீளம் நிலையானால் முக்கோணத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு என்ற வடிவியல் தேற்றம் அதன் விரல் நுனியில் இருக்கிறது.

ஹோஷங்காபாத் திட்டத்தை முப்பது ஆண்டுகள் நிற்கவைத்தவை கருவேல முள்ளும் தீக்குச்சியும் மட்டுமே அல்ல. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் நெடிய பயிற்சி நடந்தது. அங்கே ஆசிரியர்களே மாணவர்களைப் போல் ஒவ்வொரு சோதனையையும் செய்தார்கள். பிறகு மாதந்தோறும் கூடி வகுப்பில் எது சரிவரவில்லை என்று பேசினார்கள். தேர்வையும் மாற்றினார்கள். மாணவர் தம் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் தேர்வறைக்குக் கொண்டுபோகலாம். செய்முறைக்கும் தனி மதிப்பெண் உண்டு. மனப்பாடத்தைச் சோதிக்காத தேர்வு வந்த பிறகுதான் வகுப்பில் சோதனைக்கு மரியாதை வந்தது. 2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. கல்வியாளர்களும் விஞ்ஞானிகளும் எதிர்த்தும் பயனில்லை. முப்பது ஆண்டுகளில் சேர்ந்த ஆசிரியர் அனுபவம் அரசுப் பள்ளிகளுக்குக் கிடைக்காமல் போனது பெரிய இழப்பு.

தமிழ்நாட்டிலும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08க்குள் மாநிலத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகளும் பொருள்களும் வகுப்பறைக்குள் நுழைந்தன. உயர்வகுப்புகளுக்குப் போகப் போக, பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, பொருள்கள் அலமாரிக்குத் திரும்பிவிடுகின்றன. பொருளைத் தருவது எளிது. அதைக்கொண்டு தவறவும் மாற்றிச் செய்யவும் நேரம் தருவதுதான் அரிது.

ஆசிரியர்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு சோதனையைச் செய்துகாட்டினால் அதில் ஒன்றையாவது மாற்றி மறுபடி செய்யுங்கள். ஓர் ஒப்புமையைச் சொன்னால் அது பொருந்தாத இரண்டு இடங்களைக் கண்டுபிடிக்கும் வேலையை மாணவருக்குக் கொடுங்கள். கல்வித்துறையிடம் கேட்க வேண்டியது இன்னும் பெரியது. அறிவியல் வினாத்தாளில் செய்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய கேள்விகள் இடம்பெற வேண்டும். தீர்ந்துபோகும் பொருள்களுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச ஒரு நாள் தர வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுப் பள்ளிகள் இவற்றை முப்பது ஆண்டுகள் செய்து காட்டியிருக்கின்றன. முடியாது என்று சொல்வதற்கு நமக்கு இனிக் காரணம் ஏதும் மிச்சமில்லை.